பிரிக்காத பிரசாதம்

சனிக்கிழமை, விளக்கேற்றும் நேரம்.

அந்த வீட்டில் விளக்கு எரியவில்லை.

மைசூர் கோகுலத்தில் ஹரிப்ரசாத் வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து, அந்தி சாய்ந்ததும் பெருமாள் அறையில் விளக்கேற்றுவது அவன் தாய் வத்ஸலாவின் வேலை. அன்று மதியம் மழைக்கு நடுவே அவள் மேல்கோட்டையிலிருந்து பஸ்ஸில் திரும்பியிருந்தாள். சற்றுப் படுக்கிறேன் என்று தன் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். இருட்டத் தொடங்கியும் வெளியே வரவில்லை.

ஹரிப்ரசாத் கதவைத் தட்டினான். பதில் இல்லை. கதவின் அடியிலிருந்து குளிர்ந்த காற்று அவன் பாதங்களில் பட்டது. அவன் மறுபடி தட்டினான். பிறகு தோளால் மோதினான். மூன்றாம் மோதலில் தாழ்ப்பாள் பிய்ந்தது.

அறை பனியாகக் குளிர்ந்திருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. உத்தரத்தை ஒட்டிய ஏசி வாயிலிருந்து காற்று சீறிக்கொண்டிருந்தது. வத்ஸலா கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். கன்னங்களில் எழுபது வயதுக்குப் பொருந்தாத ஒரு சிவப்பு. மூச்சு இருந்தது. இருக்கிறது என்று சொல்லும்படி மட்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்குப் பின் வெளியே வந்தார்.

"கார்பன் மோனாக்சைடு. நிறமோ வாசனையோ கிடையாது. ஏதாவது அரைகுறையா எரிஞ்சா வர்ற வாயு. வீட்டுல எதாவது எரிஞ்சுதா?"

ஹரிப்ரசாத் வாயைத் திறந்தான். அந்த நேரத்தில்தான் மேல்கோட்டையிலிருந்து காரில் வந்து சேர்ந்த அவன் தாய்மாமன் நம்பி, ஈரத் துண்டை உதறியபடி அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"இல்லை" என்றான் ஹரிப்ரசாத். சற்றுப் பொறுத்து, "காலையில ஏசி டக்ட் சுத்தம் பண்றவங்க வந்திருந்தாங்க. கரண்ட் இல்லைன்னு ஜெனரேட்டர் ஓட்டினாங்க" என்றான்.

சனிக்கிழமை, முன்னிரவு.

புகாரை எழுதிக் கொடுத்தது நம்பி. விசாரிக்க வந்தது சப்-இன்ஸ்பெக்டர் ஸ்ரீதேவி. கேள்வி கேட்டு, பதில் வந்த பிறகும் எதையோ எதிர்பார்ப்பவள்போல் காத்திருப்பது அவள் வழக்கம். பதிலுக்குப் பின்னால் வரும் மௌனத்தைப் பலரால் தாங்க முடிவதில்லை. எதையாவது சொல்லி நிரப்பிவிடுவார்கள்.

"டக்ட்னு சொல்றீங்களே, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க சார்."

"வீடு முழுக்க ஒரே ஏசி, மேடம். மாடிப்படிக்குக் கீழ ஒரு சின்ன அறை, அதுல மிஷின் இருக்கு. கதவுல வரிவரியா துளை இருக்கும். அது வழியா வீட்டுக் காத்தை இழுக்கும். ஃபில்டர் தாண்டி, குளிர்ந்து, சீலிங் மேல போற குழாய் வழியா ரூமுக்கு வரும். எந்த ரூம்ல சுவிட்ச் போடறமோ அந்த ரூமுக்கு மட்டும்."

"அந்தக் குழாயைத்தான் சுத்தம் பண்ணினாங்க?"

"ஆமா. அம்மாவுக்கு வீசிங். குழாய்ல வருஷக்கணக்கா தூசு. அதான் அம்மாவை மாமாவாத்துக்கு அனுப்பிட்டு ஆளை வரச் சொன்னேன். என் ஒய்ஃப் ஸஞ்சனாவும் பொண்ணும் பெங்களூர்ல கல்யாணத்துக்குப் போயிருக்கா."

"அம்மா இன்னிக்கு வர்றதா இருந்துச்சா?"

"இல்லை. நாளைக்கு."

நம்பி குறுக்கிட்டார். "நாளைக்குப் போலாம்னுதான் நானும் சொன்னேன். 'குழந்தை ஒண்டியா இருக்கான், என்னத்தை சாப்பிடுவான்'னு கிளம்பிட்டா. அவனுக்கு நாப்பத்திரண்டு வயசு. அவளுக்குக் குழந்தை."

ஹரிப்ரசாத் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டான்.

"தலைவலிங்களா?"

"மத்தியானம் ஹால்ல தூங்கி எழுந்ததுலேர்ந்து. டென்ஷன், மேடம்."

"உங்க அம்மா ஏசி போட்டுக்குவாங்களா?"

"தொடவே மாட்டா. அதுக்கு ராட்சசன்னு பேர் வெச்சிருக்கா. மிஷின் ரூம் கதவைத் திறந்து பார்த்ததுகூட இல்லை. சேகரன்தான் டெஸ்ட் பண்ணிட்டு ஆஃப் பண்ணாம போயிருக்கணும்."

"சேகரன்னா, சுத்தம் பண்ண வந்தவரு?"

"ஆமா" என்று முந்திக்கொண்டார் நம்பி. "வாசல்லயே ஜெனரேட்டரை ஓட்டியிருக்கான். அந்த விஷப்புகை குழாய்க்குள்ள போய் உக்காந்துண்டிருக்கு. ஏம்மா, அவன் கொள்ளேகால்காரனாம். உங்க பேச்சைக் கேட்டா நீங்களும் அந்தப் பக்கம்தான் போலிருக்கே? ஊர்ப்பாசம் வந்து வேலையைக் கெடுத்துடப் போறது."

ஸ்ரீதேவி நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள். ஆனால் அந்த வார்த்தை அவளோடு ஜீப்பில் ஏறிக்கொண்டது.

சேகரனைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. செய்தி கேட்டதும் அவனே ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். சுத்தம் செய்யும் இயந்திரத்தையும் வேனோடு கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

"ஜெனரேட்டர் எங்க வெச்சீங்க?"

"கேட்டுக்கு வெளிய, ரோட்டோரமா வெச்சனுங் மேடம். வாசல்ல வெச்சா புகை உள்ள போயிரும்னு எனக்குத் தெரியாதுங்களா? பக்கத்து வீட்டுல துணி காயப்போட்ட அம்மா ஒண்ணு வந்து நல்லாத் திட்டிட்டுப் போச்சுங்."

"ஏசியை அமத்தினீங்களா?"

"பாதி வேலைலயே கரண்டு வந்துருச்சுங். ஜெனரேட்டரை அமத்திட்டு, கரண்டுலதான் டெஸ்ட் பண்ணுனன். அந்த சார் பக்கத்துலயே நின்னாரு. எல்லா ரூம் சுவிட்சும் அவரு கண்ணு முன்னால அமத்துனன்." அவன் செல்போனை நீட்டினான். "வேலை முடிஞ்சா கஸ்டமருக்குப் படம் அனுப்பறது எங்க வழக்கமுங்."

படத்தில் மிஷின் அறை. வெள்ளை வெளேரென்று புது ஃபில்டர். தரையில் புதிதாக ஒட்டிய கறுப்பு ஃபோம் விரிப்பு, ஒரு சுருக்கம்கூட இல்லாமல். படத்தின் கீழே ஹரிப்ரசாத் அனுப்பிய உயர்த்திய கட்டைவிரல்.

"அந்தம்மா எப்படியிருக்காங்?" என்றான் சேகரன்.

"நினைவு திரும்பல."

அவன் தலையாட்டினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "மேடம், மூச்சு விடற காத்தை நம்பிக் குடுக்கறாங்க எங்கிட்ட. விசம்னு ஒருவாட்டி பேரு வந்துருச்சுன்னா அப்பறம் ஒரு வீட்டுலயும் என்னைப் படியேத்த மாட்டாங்க."

ஸ்ரீதேவிக்கு அப்போதே பாதி தெரிந்துவிட்டது. பொய் சொல்கிறவன் தன்னைத் திட்டியவளைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டான். நாளைக்கு வாருங்கள் என்று அவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். வேறு ஊர்க்காரனாக இருந்திருந்தால் அனுப்பியிருப்பாள்.

"அந்த பெஞ்சுல உக்காருங்க" என்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

ஞாயிறு, காலை.

அன்று மாலைக்குள் சேகரனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், அல்லது விட வேண்டும். ஸ்ரீதேவி கான்ஸ்டபிள் உமேஷுடன் கோகுலம் வீட்டுக்கு வந்தாள். அம்மாவுக்கு மாற்றுத் துணி எடுக்க விடியற்காலையில் வந்ததாகச் சொல்லி ஹரிப்ரசாத் கதவைத் திறந்தான். தலை குளித்து ஈரமாக இருந்தது. வலது கையில் இரண்டு விரல்களில் பிளாஸ்திரி.

"கையில என்ன?"

"நேத்து காபி போடறப்போ சுட்டுண்டேன்."

வத்ஸலாவின் அறையில் ஏசி சுவிட்ச் கட்டிலின் தலைமாட்டில், கை எட்டும் தூரத்தில் இருந்தது. அதில் காற்றின் வேகம் முழு அளவில் வைக்கப்பட்டிருந்தது. ஸ்ரீதேவி பிய்ந்த தாழ்ப்பாளையும் சுவிட்சையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"உங்க அம்மா ரூமுக்குள்ள போறப்பவே ஏசி ஓடிட்டிருந்துதா?"

"தெரியலை. கவனிக்கலை."

"ராட்சசன் ஓடற ரூம்ல அம்மா பேசாம போய்ப் படுத்துக்குவாங்களா?"

அவன் பிய்ந்த தாழ்ப்பாளை நேராக்கப் பார்த்தான். அவள் வற்புறுத்தவில்லை.

மாடிப்படிக்குக் கீழே துளைவரிக் கதவைத் திறந்தாள். ஃபில்டர் இப்போது வெள்ளையாக இல்லை. அதன் கீழ் மூலை மட்டும் கறுத்திருந்தது. மேலே போகப் போகச் சாம்பல் நிறம், உச்சியில் வெண்மை. விரலால் தொட்டாள். தூசு உதிரும். இது உதிரவில்லை, பிசுபிசுத்து ஒட்டியது.

தரையில் கறுப்பு ஃபோம் விரிப்பில் மூன்று குழிகள். ஃபோம் உருகி உள்வாங்கியிருந்தது. முக்கோணமாக, சம இடைவெளியில்.

"அவங்க மிஷின் சக்கரம் அழுத்தியிருக்கும்" என்றான் ஹரிப்ரசாத்.

உமேஷ் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான். "அவன் மிஷின் நம்ம ஸ்டேஷன்ல நிக்குது சார். அதுக்கு சக்கரம் நாலு. ஒண்ணை வீட்டுல விட்டுட்டு வந்தானோ என்னமோ."

ஹரிப்ரசாத் துளைவரிக் கதவை மெல்லச் சாத்தினான்.

ஹாலில் ஊதுவத்தித் தட்டில் நிறையச் சாம்பல் விழுந்திருந்தது. பெருமாள் அறை விளக்கில் திரி காய்ந்து கிடந்தது.

"விளக்கு ஏத்தாம ஊதுவத்தி ஏத்தறது உண்டா?"

"அம்மா ஏத்தியிருப்பா."

சமையலறைக்குப் பின்னால் யூட்டிலிட்டி என்று எல்லாரும் சொல்லும் துவைக்கும் இடம். மேலே தகரக் கூரை. வாளியில் ஒரு புடவை ஊறிக்கொண்டிருந்தது.

"இது?"

"அம்மாவோட பஸ் புடவை. வெளியிலேர்ந்து வந்தா நேரா இங்க வந்துடுவா. துணியை ஊறப்போட்டு, இங்க இருக்கற பாத்ரூம்ல குளிச்சுட்டுதான் சமையல் ரூமுக்குள்ளயே கால் வைப்பா. எந்த ஊர்லேர்ந்து வந்தாலும் அப்படித்தான்."

இதை மட்டும் அவன் தயங்காமல் சொன்னான்.

சமையல் மேடையில் இலையில் கட்டிய இரண்டு பொட்டலங்கள் இருந்தன. ஒன்று பிரிக்கப்பட்டு, ஓரத்தில் இரண்டு பருக்கைகள் ஒட்டியிருந்தன. மற்றொன்றின் வாழைநார் முடிச்சு அவிழ்க்கப்படவே இல்லை. புளியும் நல்லெண்ணெயும் மணத்தன.

"மேல்கோட்டைப் புளியோதரை. கோயில் பிரசாதம்" என்றான் ஹரிப்ரசாத்.

"இது உங்களுக்கா?"

"ஆமா."

"சாப்பிடலையா?"

"பசியில்லை."

"நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலை."

ஸ்ரீதேவி காத்திருந்தாள். குழாயிலிருந்து நீர் சொட்டியது. அவன் பொட்டலத்தைப் பார்த்தான். உடனே பார்வையை விலக்கிக்கொண்டான், ஒரு மனிதரைப் பார்க்க முடியாமல் விலக்கிக்கொள்வதுபோல.

அவள் அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டில் வேலை செய்யும் மாதம்மா மதிலோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீதேவி கேட்பதற்கு முன்பே தொடங்கிவிட்டாள்.

"புடிச்சு உள்ள போடுங்கம்மா அவன! கேட்டுக்கு வெளிய அந்தச் சனியனை வெச்சு எங்க பெட்ஷீட்டெல்லாம் புகை நாத்தம். மறுக்கா நானில்ல துவைச்சேன்!"

"கேட்டுக்கு வெளியவா? வாசல்ல இல்லையா?"

"வெளியதான். வாசல்ல வெச்சிருந்தா என் துணிக்கு ஏன் வருது? கரண்டு வந்ததும் நிறுத்திட்டான். மறுபடி துவைச்சுப் போட்டா மழை. மழையோட இன்னொரு வாசனை. கரில எதையோ வாட்டற வாசனை. எங்க வீட்டம்மா, 'யார் வீட்டுல சுடறாங்க மாதம்மா'ன்னு கேட்டுச்சு. இந்தப் பக்கம் அய்யங்கார் வீடு, அங்க ஏதும்மா, பின்தெருவா இருக்கும்னேன்."

ஸ்ரீதேவி திரும்பி அந்தத் தகரக் கூரையைப் பார்த்தாள். அதற்கும் மதிலுக்கும் நடுவே ஒரு செம்பருத்திச் செடிதான் இருந்தது.

ஞாயிறு, மதியத்துக்கு முன். ஆஸ்பத்திரி.

நம்பி ஆஸ்பத்திரி கேன்டீனில் வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வெளியில் எதையும் சாப்பிடுவதில்லை என்றார். ஸ்ரீதேவி எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு சந்தேகம் சார். உங்க வீடுகள்ல கோயில் பிரசாதம் வந்தா, பசியில்லைன்னு வெச்சிருவாங்களா?"

நம்பி சிரித்தார். "பசிக்கும் பிரசாதத்துக்கும் என்னம்மா சம்பந்தம்? வயித்துல இடமில்லைன்னாலும் ஒரு பருக்கை வாயில போட்டுக்கணும். அதுவும் மேல்கோட்டைப் பெருமாள் செல்லப்பிள்ளை சன்னதிப் புளியோதரை! ஹரி சின்ன வயசுல நாரை அவுக்கக்கூடப் பொறுக்க மாட்டான். இலையைக் கிழிச்சுடுவான்."

"அப்ப யாருமே வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க."

"தீட்டுன்னா தொட மாட்டோம். இல்லேன்னா, வெளில கண்டதைத் தின்னுட்டு வந்தவன் ஸ்நானம் பண்ணாம தொட மாட்டான். அவன் எத்தனை கெட்டவனா இருந்தாலும் கை வராது. ரத்தத்துல ஊறினது."

பெருமையோடு சொல்லி முடித்தார். ஸ்ரீதேவியின் மௌனம் நீள நீள, நம்பியின் முகத்திலிருந்து பெருமை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. தம்ளரைக் கீழே வைத்தார்.

"எதுக்குக் கேக்கறேள்?" என்றார், குரல் இறங்கி.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீண்ட நடைபாதை. ஹரிப்ரசாத் நாற்காலியில் இருந்தான். நம்பி சுவரோரம் நின்றார். ஸ்ரீதேவி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"கரி அடுப்பு இப்ப எங்க இருக்கு சார்?"

அவன் பிளாஸ்திரி போட்ட விரல்களை மடக்கிக்கொண்டான்.

"என்ன அடுப்பு?" என்றார் நம்பி.

"மூணு கால் அடுப்பு. மிஷின் ரூம் தரையில மூணு இடம் உருகியிருக்கு. சேகரன் அனுப்பின படத்துல அந்தத் தரை வழவழன்னு இருக்கு. அதனால அது சேகரன் போன அப்புறம் வந்தது. ஜெனரேட்டர் புகை வீடு முழுக்கப் பரவியிருந்தா ஃபில்டர் முழுக்க ஒரே மாதிரி படிஞ்சிருக்கும். ஆனா கீழ் மூலைல மட்டும் கரி, அதுவும் பிசுக்கோட. கொழுப்பு. எரிஞ்ச பொருள் அந்த ரூமுக்குள்ளயே, தரையில இருந்துருக்கு."

"கொழுப்பா?" என்றார் நம்பி.

ஸ்ரீதேவி அவரைப் பார்க்கவில்லை. "சாருக்குத் தலைவலி மத்தியானமே வந்துருச்சு. அம்மாவைப் பாத்தது சாயங்காலம். அப்ப டென்ஷனுக்குக் காரணமே இல்லை. கதவுத் துளை வழியா வாயு ஹாலுக்கும் வந்துருக்கு. குழாய்ல தங்கின பழைய புகைன்னா கொஞ்ச நேரத்துல தீர்ந்திருக்கும். இது மத்தியானம் பூரா புதுசா வந்துட்டே இருந்திருக்கு."

நடைபாதையின் கோடியில் ஒரு தள்ளுவண்டி கடந்து போனது. சத்தம் அடங்கும்வரை அவள் நிறுத்தினாள்.

"வீட்டுல யாரும் இல்லை. அம்மா வர்றது மறுநாள்தான். யூட்டிலிட்டில தகரத்துக்குக் கீழ அடுப்பு வெச்சு ஏதோ வாட்டிட்டிருந்தீங்க. பெல் அடிச்சுது. அம்மா. வேற வீடா இருந்தா அடுப்பைப் பின்னாலயே விட்டுட்டு வந்து கதவைத் திறந்திருப்பாங்க. உங்க அம்மா வந்ததும் முதல்ல போற இடமே அதுதான். அந்த வீட்டுல அவங்க திறக்கவே திறக்காத கதவு ஒண்ணே ஒண்ணு."

"மூடி போட்டேன்" என்றான் ஹரிப்ரசாத். அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "அணைஞ்சுடும்னு நினைச்சேன். ஹால்ல ஊதுவத்தி ஏத்திட்டு கதவைத் திறந்தேன்."

"நீயா?" நம்பியின் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"கோழி, மாமா. ஆபீஸ்ல எல்லாரோடவும் சேர்ந்து ஆரம்பிச்சது. பத்து வருஷமாச்சு. வீட்டுல இதுதான் முதல் தடவை." அவன் தன் பிளாஸ்திரி விரல்களைப் பார்த்தான். "அம்மா குளிச்சுட்டு வந்து பொட்டலத்தைக் கையில குடுத்தா. வாங்க முடியலை. அங்க வெய்யும்மா, அப்புறம் சாப்பிடறேன்னேன். காலையில குளிச்ச அப்புறமும் கை வரலை."

"அந்த நார்தான் எனக்கு சொல்லிச்சு" என்றாள் ஸ்ரீதேவி. "மத்தது எல்லாத்துக்கும் உங்ககிட்ட ஒரு பதில் இருந்துச்சு. மத்தியானம் ஒண்ணும் சாப்பிடலைன்னு சொன்னீங்க, பசியும் இல்லைன்னு சொன்னீங்க, பிரசாதத்தையும் தொடலை. மூணும் சேர்ந்து ஒத்துப்போக ஒரே வழிதான் இருந்துச்சு."

"அடுப்பு கார் டிக்கியில இருக்கு" என்றான்.

"வாயுன்னு டாக்டர் சொன்னப்பவே புரிஞ்சிருக்குமே. ஏன் சொல்லலை?"

சுவரோரம் நின்றவரைப் பார்க்காமல் அவன் சொன்னான்: "மாமா வந்து நின்னார்."

அவ்வளவுதான். வேறு காரணம் இல்லை. ஒரு பெரியவர் வந்து பக்கத்தில் நின்றார். அதற்காக ஒரு மனிதன் இரவு முழுவதும் போலீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

நம்பி துண்டால் முகத்தைத் துடைத்தார். புகாரைத் தன் கையெழுத்தில், ஒரு அடித்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்திருந்தார். அதைத் திருப்பி வாங்க முடியுமா என்று கேட்க நினைத்தவர்போல் ஸ்ரீதேவியைப் பார்த்தார். கேட்கவில்லை.

அவள் உமேஷுக்குப் போன் செய்து சேகரனை அனுப்பிவிடச் சொன்னாள். "நானே வந்து சொல்லியிருக்கணும்னு அவர்கிட்ட சொல்லு" என்றாள். உமேஷ் எதற்கென்று புரியாமல் "ஆய்த்து மேடம்" என்று கன்னடத்தில் சரி சொன்னான்.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு மிச்சமிருந்தது. மூடி போட்ட கரி மெல்ல மெல்ல அணைந்திருக்க வேண்டும். ஏசி ஓடியதால்தான் அந்த அறை காற்றை இழுத்தது. இழுக்க இழுக்கக் கரி உயிர்பெற்று, வாயு நேராக வத்ஸலாவின் அறைக்குப் போனது. சுவிட்ச் அவள் தலைமாட்டில். கதவு உள்ளே தாழ். ஏசியைத் தொடாதவள் ஏன் தொட்டாள்?

நர்ஸ் வெளியே வந்தாள். நோயாளி கண் விழித்துவிட்டார், ஒருவர் மட்டும் வரலாம் என்றாள். ஹரிப்ரசாத் எழுந்தான். இரண்டடி வைத்து நின்றுவிட்டான். நம்பியும் நகரவில்லை. ஸ்ரீதேவி உள்ளே போனாள்.

வத்ஸலாவின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடி. காக்கிச் சட்டையைப் பார்த்ததும் அதைக் கையால் சற்று விலக்கினாள்.

"ஹரி நன்னாயிருக்கானா?"

"நல்லாயிருக்காருங்கம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஏசியைப் போட்டது யாரு?"

"நான்தான்." மூச்சு வாங்கினாள். "போன்ல சொல்லியிருந்தான். டக்டெல்லாம் சுத்தம் பண்ணியாச்சு, புது ஃபில்டர், இனிமே ஏசி போட்டா ஆத்துல எந்த வாசனையும் நிக்காதும்மான்னு."

ஸ்ரீதேவி காத்திருந்தாள்.

"வாசல் கதவைத் திறந்தப்பவே தெரிஞ்சுடுத்து. ஊதுவத்தியும் அதுவும் சேர்ந்து. ரொம்ப நாளாவே தெரியும், அவன் சட்டையைத் தோய்க்கறவ நானில்லையா. பொட்டலத்தை நீட்டினேன். கையைப் பின்னால கட்டிண்டு நின்னான். சின்னக் குழந்தையாட்டம். எனக்குன்னா உசுரே போயிடுத்து. ஏண்டா சொல்லாம இன்னிக்கு வந்தோம்னு ஆயிடுத்து." கண்ணோரம் நீர் காதுக்குள் இறங்கியது. "சாயங்காலத்துக்குள்ள வாசனை போயிடட்டும்னு போட்டேன். எனக்குத் தெரியலைன்னு அவன் நினைச்சுண்டு நிம்மதியா இருக்கட்டும்னு."

ஸ்ரீதேவி கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவன்கிட்ட சொல்லாதீங்கோ."

"எழுதித்தான் ஆகணும்மா. ஒரு அப்பாவியை நாங்க பிடிச்சு வெச்சிருந்தோம். கேஸ் இருக்கு."

"யாரை?"

ஸ்ரீதேவி சொன்னாள். வத்ஸலா கண்ணை மூடிக்கொண்டாள். மகன் செய்த எதுவும் அதுவரை அவளை இப்படிச் சுருங்க வைத்ததில்லை.

"அப்போ எழுதுங்கோ" என்றாள் கடைசியில். "எல்லாத்தையும் எழுதுங்கோ." பிறகு, "அந்தப் பொட்டலம் இருக்கா?"

"எங்கிட்டத்தான் இருக்கு."

"புளியோதரை கெட்டுப்போகாது. அவனை சாப்பிடச் சொல்லுங்கோ." சற்று நிறுத்தி, "குளிக்க வேண்டாம்னு சொல்லுங்கோ" என்றாள்.

ஸ்ரீதேவி வெளியே வந்தபோது நடைபாதையில் சேகரன் நின்றிருந்தான். கசங்கிய சட்டை, தூங்காத கண்கள். வேனை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்திருந்தான். உமேஷ் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருப்பான் போலும்.

"அந்தம்மா கண்ணு முழிச்சாங்களாங்?" என்று ஸ்ரீதேவியிடம் கேட்டான்.

"முழிச்சுட்டாங்க. சேகரன், நேத்தே உங்களை அனுப்பியிருக்கணும். தெரிஞ்சும் அனுப்பலை."

அவன் தலையைக்கூட ஆட்டவில்லை. ஹரிப்ரசாத் எழுந்து அவன் எதிரில் வந்து நின்றான். கைகளைக் கூப்பப் போனான். பாதியிலேயே அவை தொங்கிவிட்டன.

"எல்லார்கிட்டயும் நானே சொல்றேன், சேகரன். நீங்க இல்லைன்னு."

"சொல்லுங்க சார்" என்றான் சேகரன். "வாட்ஸ்ஆப்ல கட்டைவிரல் அனுப்புனீங்களே, அது இன்னும் இருக்குதுங்." அவன் குரலில் கோபம் இல்லை. வேறு எதுவும்கூட இல்லை. திரும்பி நடந்தான். நடைபாதை நீளமாக இருந்தது. அவன் அதன் கோடியைக் கடக்கும்வரை மூவரும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஸ்ரீதேவி பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து ஹரிப்ரசாத்திடம் நீட்டினாள்.

"அம்மா சாப்பிடச் சொன்னாங்க."

அவன் பின்வாங்கினான்.

"குளிக்க வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க."

அந்த வார்த்தை அவனுக்குள் போய்ச் சேரச் சிறிது நேரம் பிடித்தது. சேர்ந்ததும் அவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். நம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொட்டலம் அவன் மடியில் இருந்தது. நார் முடிச்சு காய்ந்து இறுகியிருந்தது. சுட்ட விரல்களால் அதை அவிழ்க்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. இலையை அவன் கிழிக்கவில்லை. யாரும் உதவவும் இல்லை.